தொரசாணிக்கு ஒரு தங்கச்சி

பூனைக்குக் கண்ணுல பூளை கட்டுனா, கொதிச்சு ஆறுன தண்ணியில பஞ்ச நனைச்சுத் தொடைக்கணும் ஐயா. ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. அதே பஞ்ச மத்தக் கண்ணுல வச்சா அதுவும் கெட்டுப்போகும். இருபத்திமூணு பூனைக்கும் நான் அப்பிடித்தான் பாத்தேன். மரண விசாரணைன்னு கூப்புட்டிருக்கீங்க, சொல்றேன். ஆனா இதையும் சேர்த்து எழுதிக்கோங்க.

தேயிலைத் தோட்டத்துல முப்பத்தொரு வருசம் கொழுந்து எடுத்துச் சேத்த காசுல ஹாலிஎலயில வாங்கின வீடு அது. என் பேர்ல இருக்கு. காலையில ஆறு மணிக்கு என் வாசல்ல பூனைகளுக்குப் பெரட்டு. தோட்டத்துல ஆளுகளை நிறுத்தி வச்சுப் பேர் கூப்புடுவாங்கள்ல, அதேதான். கங்காணி, கணக்கப்புள்ள, தொரசாணி, அவ தங்கச்சி சின்னத் தொரசாணின்னு ஒவ்வொண்ணாக் கூப்புடுவேன். எதுக்கு வயித்தால போகுது, எதுக்குப் பூச்சி மருந்து குடுக்கணும், எது காதைச் சொறியுதுன்னு அங்கயே தெரிஞ்சிரும்.

என் தம்பி கிருஷ்ணராஜுக்குக் கொழும்புல கடை வேலை, மாசம் ஒருக்கா வருவான். மூணு வருசத்துக்கு முந்தி மண்சரிவுல அவுங்க இருந்த லயத்து வீடு போச்சு. அவன் பொண்டாட்டி நிரஞ்சலாவ என்கூட வந்து இருன்னு நான்தான் கூப்புட்டேன். வந்தவ சும்மா இருந்தாளா? சோத்துல முடிம்பா, பாயில நாத்தம்பா. கடைசியில சுகாதாரப் பரிசோதகர்கிட்ட மனு குடுத்துட்டு வந்து நிக்கிறா. அவரு வந்து பாத்துட்டு, இனி ஒரு முறைப்பாடு வந்தா அத்தனையையும் புடிச்சுக்கிட்டுப் போயிருவோம்னாரு. என் வீட்டுல நின்னுக்கிட்டு என் பூனைகளைப் பத்தி அப்பிடிச் சொன்னாரு.

அதுக்கு ரெண்டு கெழமை கழிச்சு, விறகு எடுக்கக் குனிஞ்ச நிரஞ்சலா கையில தொரசாணி கடிச்சிருச்சு. நான்தான் கால் மணி நேரம் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். பூனைக்கு விசர் ஊசி, அதான் வெறிநோய்த் தடுப்பூசி, போட்டிருக்கான்னு டொக்டர் கேட்டாரு. ஊசி போட்ட அட்டைய எடுத்து நீட்டுனேன். கறுப்பு, பொட்டை, முன்காலு ரெண்டும் வெள்ளை, ரெண்டு வருசமும் ஊசி போட்டது. அது சின்னத் தொரசாணியோட அட்டை. தொரசாணி ரெண்டு தடவையும் ஊசி அன்னைக்குக் கூரையில ஏறிக்கிட்டு எறங்கவே இல்ல. அக்கா தங்கச்சி ரெண்டும் ஒரே நெறம். நான் வாயத் திறந்து ஒரு பொய்யும் சொல்லல. அட்டையக் குடுத்தேன், அவரு வாசிச்சாரு. பூனையப் பதினாலு நாள் கவனிங்க, அதுக்கு ஏதாவது ஆனா ஒடனே ஊசி போட வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சாரு.

நாலாம் நாள் தொரசாணிக்கு எச்சி வடிய ஆரம்பிச்சிருச்சு. தண்ணி எறங்கல, நடை தள்ளாடுச்சு. கையில சாக்கைச் சுத்திக்கிட்டுப் புடிச்சு விறகுக் கொட்டில்ல அடைச்சேன். ஆறாம் நாள் செத்துப்போச்சு. கொய்யா மரத்தடியில ஆழமாத் தோண்டிப் பொதைச்சேன். பெத்த புள்ளையப் பொதைச்ச மாதிரி அழுதேன். அதை வெளியில சொல்லியிருந்தா மறுநாளே வண்டி வந்து மிச்ச இருபத்திரெண்டையும் அள்ளியிருக்கும். நான் சொல்லுவேனா?

நிரஞ்சலா தெனமும் வந்து கேப்பா. "மதினி, அந்தப் பூனை நல்லா இருக்குங்களா?"

சின்னத் தொரசாணியத் தூக்கிக் காட்டுவேன். "நீயே பாரு. எப்பிடிப் பால் குடிக்குது."

"ஆமாங்க மதினி"ன்னு நெஞ்சத் தடவிக்கிட்டுப் போவா.

அங்கதான் அவ தப்பு இருக்கு. மூணு வருசம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தவளுக்கு எது அக்கா, எது தங்கச்சின்னு தெரியல. சின்னதுக்கு இடது காது நுனி கிழிஞ்சிருக்கும். ஒரு நாளாவது என் பெரட்டுல வந்து நின்னிருந்தா கண்டுபுடிச்சிருப்பா, உசுரோடயும் இருந்திருப்பா. அதுக்கு நான் என்ன செய்ய?

பதினஞ்சாம் நாள் கோயில்ல தேங்கா ஒடைச்சா. ஏழு கெழமை கழிச்சு, கடிச்ச கை கூசுதுன்னா. ரெண்டு நாள்ல தேத்தண்ணிக் கோப்பையக் கண்டே நடுங்குனா. தம்பி ஓடி வந்தான். ஆஸ்பத்திரியில வச்சும் ஒண்ணும் செய்ய முடியல, போயிட்டா. கொள்ளி வச்சுட்டு வந்தவன் கேட்டான், "அக்கா, கடிச்ச பூனை எங்க?" சின்னத் தொரசாணியக் காட்டுனேன். அவனுக்கு அந்தக் காது தெரியும். வீட்டு வளவு முழுக்கத் தேடுனான், பெறகு மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கொய்யா மரத்தடிக்குப் போனான்.

விசர்னு எனக்கு எப்பிடித் தெரியும், பூனை எத்தனையோ சீக்குல சாகுதுன்னு போன தடவை உங்ககிட்டச் சொன்னேன். இன்னைக்கு ஒரு கிளினிக் அட்டைய மேசை மேல வைக்கிறீங்க. அதுல பூவம்மான்னு எழுதியிருக்கு, ஆமா, என் பேர்தான். கொட்டில்ல அடைக்கையில என் கையிலயும் பிராண்டிருச்சு. பொதைச்ச அன்னைக்கே பஸ் ஏறி, பெரகலச் சந்தியும் தாண்டி, என்னைய யாருக்கும் தெரியாத ஆஸ்பத்திரியாப் பாத்துப் போயி விசர் ஊசி போட்டுக்கிட்டேன். நாலு ஊசியும், ஒரு தேதி தவறல. இருபத்திரெண்டு சீவன் என்னைய நம்பி இருக்கு ஐயா. எனக்கு ஒண்ணு ஆயிட்டா அதுகளை யாரு பாப்பா?