கூட்டாளியின் சிரிப்பு

அய்யோ, அந்த நாற்காலி வேண்டாம், அது அவரோடது. இப்படி உக்காருங்க. பயப்படாதீங்க, சண்டை போடக் கூப்பிடல. அதாவது, கூப்பிடணும்னு முதல்ல தோணினப்ப சண்டைதான் மனசுல இருந்துச்சு. இப்ப இல்ல. கொஞ்சம்தான் இருக்கு.

அவரா? பால் வாங்க அனுப்பியிருக்கேன். தெருமுனைக் கடைதான், வந்துடுவாரு. நீங்க வர்றது அவருக்குத் தெரியாது. எங்க வீட்ல உங்களுக்கு என்ன பேரு தெரியுமா? கூட்டாளி. கூட்டாளி போன் பண்ணாங்களா, கூட்டாளி என்ன சொல்றாங்கன்னா, கூட்டாளிக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். கட்டின பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் எதிர்ல உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு செல்லப் பேர் கிடையாது. இந்தாம்மா, அவ்ளோதான்.

காபி எடுத்துக்கங்க. சர்க்கரை போடல. நீங்க போட்டுக்க மாட்டீங்கன்னு அவரு சொல்லியிருக்காரு. நான் எத்தன ஸ்பூன் போட்டுக்கறேன்னு அவரக் கேட்டுப் பாருங்க, திருதிருன்னு முழிப்பாரு.

போனா? ஒண்ணுமில்ல, மிஸ்டு கால். அது வரும்.

நான் என்ன வேலை பாக்கறேன்னு சொல்லியிருக்காரா? தண்ணி சப்ளையா? ம், அப்படித்தான் சொல்வாரு, ஏதோ நான் குழாயடியில குடத்தோட நிக்கற மாதிரி. ஊர் முழுக்க மோட்டாரு, வால்வு, அழுத்தம் பாக்கற மீட்டரு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்ங்க. அதுல ஒரு மோட்டார் படுத்துடும். ஒரு மீட்டர் பொய் சொல்லும். வெளியிலேருந்து எவனாவது உள்ள புகுந்து விளையாடப் பாப்பான். அப்பவும் உங்க வீட்ல தண்ணி நிக்கக் கூடாது. யாரோ ஒருத்தர் சொல்றத மட்டும் நம்பாம, பக்கத்துல இருக்கற நாலு பேரையும் கேட்டு முடிவெடுக்கற மாதிரி அத அமைக்கணும். அதுதான் என் வேலை. நல்லா செஞ்சேன்னா நான்னு ஒருத்தி இருக்கறதே யாருக்கும் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் அப்படியா? உங்க பிசிக்ஸ் ஆராய்ச்சியில இருக்கா இல்லையான்னே தெரியாத ஒரு துகள், அதுக்கு ஊர் ஊரா மாநாடு, கைதட்டல்.

கட்டுரை வந்தா அவர் பேரு, பக்கத்துலயே உங்க பேரு. என் பேரும் அவர் பேரும் சேந்து அச்சானது கல்யாணப் பத்திரிகைல மட்டும்தான். உங்க கட்டுரைல எனக்கு என்னங்க? கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு நன்றி. அதுவும் ஆராய்ச்சிக்குப் பணம் குடுத்தவங்களுக்கு அப்புறம்.

வயிறு எரிஞ்சுதுங்க. மறைச்சு என்ன ஆகப் போகுது. காதல் கீதல்னு சந்தேகமெல்லாம் இல்ல. அப்படி இருந்திருந்தா சுலபமாப் போயிருக்கும், நாலு கத்து கத்தி மனச ஆத்திக்கிட்டிருப்பேன். எனக்கு எரிஞ்சது உங்க சிரிப்பு. சாயங்காலமானா உங்கள ஸ்பீக்கர்ல போட்டுட்டு அந்த போர்டு முன்னாடி நிப்பாரு. அதோ, சுவத்தையே அடைச்சுக்கிட்டு இருக்கே, அதான். அத மாட்டறதுக்காக எங்கம்மா குடுத்த அலமாரிய மாடிக்கு ஏத்திட்டாரு. நீங்க பேசிக்கறது எனக்கு ஒரு எழவும் புரியாது. நடுவுல அந்த ஜோக்கச் சொல்வாரு. என் வீட்டுக்காரி குழாய்லயாவது தண்ணி வருது, என் சமன்பாட்டுல வெறும் காத்துதான் வருது. உடனே நீங்க கலகலன்னு சிரிப்பீங்க. அது என் ஜோக்குங்க. கல்யாணமான புதுசுல எனக்காகச் சொன்னது. அதையும் தூக்கி இவங்களுக்குக் குடுத்துட்டாரேன்னு அடுப்படியில நின்னு பல்லக் கடிச்சேன்.

மறுபடியும் போன்தான். விடுங்க, அடிச்சா நல்லதுதான்.

அப்புறம் ஒட்டுக் கேக்க ஆரம்பிச்சேன். ஆமா, வெக்கமே இல்லாம. மறுநாளும் அதே ஜோக். அதே இடத்துல நீங்க சிரிச்சீங்க. அதுக்கு மறுநாளும் அப்படியே. முந்தின நாள் கேட்டதையே அவரு திரும்பக் கேக்கறாரு, நீங்களும் இப்பத்தான் முதல் தடவை கேக்கற மாதிரி ஆதியிலேருந்து சொல்றீங்க. ஒரு நாள் போர்டுல கணக்கு எங்கயோ இடிச்சுது. உடனே நீங்க, அய்யோ சார், அந்தக் குறிய நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்னீங்க. பொய்தானே? அந்த மைனஸ அவரு காலைல தானாப் போட்டாரு. நான் பக்கத்துல நின்னு தூசி தட்டிக்கிட்டிருந்தேன். எனக்கு பிசிக்ஸ் தெரியாதுங்க, மைனஸ் தெரியும்.

கப்பக் கீழ வைங்க, காபி ஆறியே போச்சு.

அந்த மிஸ்டு கால் யாருன்னு கேட்டீங்களே. முதல்ல வந்தது மருந்துக் கடைக்காரர். ரெண்டாவது தையல்காரர். அவங்க வாசல அவரு தாண்டினா எனக்கு ஒரு மிஸ்டு கால். ஒருத்தர் மறந்தாலும் இன்னொருத்தர் குடுத்துடுவாரு. முனைக் கடைக்காரர்கிட்ட என்ன வேணும்னு நானே முன்னாடி சொல்லிடுவேன், இவரு போய் எதக் கேட்டாலும் பால்தான் கையில வரும். ஊர்த் தண்ணிக்குப் பண்றதுதான், எங்க தெருவுக்கும் பண்ணி வெச்சிருக்கேன். அவருக்கு இது தெரியாது. ஒரு நாள் இதே தெருவுல நின்னுக்கிட்டு, நம்ம வீடு எதுங்கன்னு தையல்காரர்கிட்ட கேட்டிருக்காரு.

வீட்ல நான் தாங்கிப் பிடிச்சேன். கணக்குல நீங்க பிடிச்சீங்க. ரெண்டு பேரும் நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டோம். எங்க வேலைல பெரிய பயமே இதுதாங்க. சுத்தி இருக்கறதெல்லாம் சேந்து தாங்கிக்கிட்டே இருந்தா, ஒரு மோட்டார் பழுதானதே யாருக்கும் தெரியாது. தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். தெரியறப்ப கை மீறிப் போயிருக்கும்.

நாளைக்கு அவர டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நீங்களும் கூட வரணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன். அடுப்ப அணைக்காம விட்டது, ஜோடி மாறின செருப்போட ஆபீஸ் கிளம்பினது, இதெல்லாம் நான் சொல்லிடுவேன். ஆனா அவரு மூளை எவ்ளோ ஓடிக்கிட்டிருந்துச்சு, இப்ப எங்க நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அது உங்களுக்குத்தான் தெரியும். இத உங்ககிட்ட வாய் விட்டுக் கேக்கறேன் பாருங்க, இதுவே எனக்குப் பத்திக்கிட்டு எரியுது.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க எப்பக் கவனிச்சீங்க?

போன வருஷமா? அந்த மாநாட்டுலயா?

ஓ. அப்ப எனக்கு முன்னாடியே. பக்கத்துலயே படுத்து எந்திரிச்சுக்கிட்டிருக்கேன், எனக்கு இந்த வருஷம்தான் உறைச்சுது.

சரி சரி, அழாதீங்க. முகத்தத் துடைச்சுக்கங்க. இந்தா அடிக்குதே, இது முனைக் கடைக்காரர், இவரு பால வாங்கிட்டுக் கிளம்பிட்டாருன்னு அர்த்தம். வந்து உங்களப் பாத்ததும் சந்தோஷத்துல தலகால் புரியாது, முதல் வேலையா அந்த ஜோக்கத்தான் சொல்வாரு.

இன்னிக்கு நான் முதல்ல சிரிச்சுக்கறேன். நீங்க கொஞ்சம் பொறுத்து சிரிங்க.