பதினாலாம் நம்பர் அம்மா

வாயைத் திறக்காதேன்னு சொல்லித்தாங்க இந்தப் பிஎச்.டி. பரீட்சைக்குக் கூட்டிட்டு வந்தா என் பொண்ணு. "அம்மா, கடைசி வரிசையில உக்காரு, என்ன நடந்தாலும் பேசாதே." நான் என்னத்தப் பேசப்போறேன்? நம்ம படிப்புதான் எட்டாவதோட முடிஞ்சு போச்சே. கடவுளே, பிள்ளை திக்காமப் பேசி முடிக்கணும்னு கண்ணை மூடி வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்படியே மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்!

நீங்க இப்படித் தள்ளி உக்காருங்கம்மா, அந்த ஓரம் பெஞ்சு ஆடுது. அடுத்தது உங்க பையனா? எதைப் பத்தி ஆராய்ச்சி? மண்ணா! குடுத்து வெச்சவங்க. மண்ணு எந்திரிச்சு நின்னு பேசாது.

என் பொண்ணோடது என்ன தெரியுமா? வெளியூர்ல இருக்கற பிள்ளைங்ககிட்ட அம்மா அப்பா போன்ல என்னென்ன மறைக்கறாங்க... இதுக்கு ஒரு ஆராய்ச்சி, மூணு வருஷம்! இருபது பேரைக் கேட்டு எழுதியிருக்கா. பேர் போடக் கூடாதாம், நம்பர்தானாம். நான் பதினாலு. சொந்த அம்மாவைக் கேக்கக் கூடாதுன்னு விதி இருக்காமே, எனக்கு எப்படித் தெரியும்? "ஒரு ஆள் குறையுதும்மா, சொல்லேன்"னா. சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னேன்.

அதைக் கொண்டுபோய்த் திரையில போட்டிருக்கா, இவ்வளோ பெரிய எழுத்துல! "நான் என் பிள்ளைங்ககிட்ட எதையும் மறைச்சதே இல்லை." பாத்ததும் எனக்கே பெருமையா இருந்துச்சு. அந்த வெளியூர் வாத்தியார் இருக்காரே, கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, கேள்வி கேக்கறதுக்குன்னே வந்தவரு... அவரு சொல்றாரு, "இந்தப் பதினாலாம் நம்பர் அம்மா பொய் சொல்றாங்க. இதை நம்பி எப்படி ஒரு அத்தியாயம் எழுதினீங்க?"ன்னு. பொய்யாம்! என் பொண்ணு முழிக்கறா. தண்ணி பாட்டிலைத் திறக்கறா, மூடறா, திறக்கறா...

பெத்த வயிறு சும்மா இருக்குமா? எந்திரிச்சுட்டேன்.

"ஐயா, நான் பொய்யெல்லாம் சொல்லலீங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கையில கட்டுப் போட்டதை மட்டுந்தான் சொல்லல. அதுவும் இவ ஹாஸ்டல்ல ராப்பகலா எழுதிக்கிட்டிருந்தாளே, பயந்துடுவாளேன்னுதான்..."

சிரிச்சாங்க பாருங்க, கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி! அந்த வாத்தியாரும் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு மெதுவா, "அப்போ இவங்க உங்க அம்மாவா?"ங்கறாரு. என் பொண்ணு என் பக்கம் திரும்பி, "நீ எப்பம்மா விழுந்தே?"ன்னு மைக்குலயே கேக்கறா. அத்தனை பேர் முன்னாடி!

இப்ப எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு உள்ள உக்காந்து பேசறாங்க, பட்டம் குடுக்கறதா வேண்டாமான்னு. அதோ ஜன்னல்கிட்ட நிக்கறா பாருங்க, அவதான். என் பக்கம் திரும்பவே இல்ல. கோவம். அவளுக்கு நல்லது பண்ணத்தானே எந்திரிச்சேன், நீங்களே சொல்லுங்க.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன... கை சரியாப் போச்சும்மா. இந்தத் தலைசுத்தல்தான் விட மாட்டேங்குது. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்னாரு டாக்டர். முதல்ல இவளுக்குப் பட்டம் கைக்கு வரட்டும், நல்ல வேலை ஒண்ணு அமையட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கேன். அதையும் உள்ள உளறியிருந்தா என்ன ஆயிருக்கும்!

ஐயோ, கூப்பிட்டுட்டாங்க, உள்ள போறா... கடவுளே, கடவுளே... இதோ வந்துட்டா! என்னடி சொன்னாங்க? பாஸா! பதினாலை எடுத்துட்டு வேற ஆளைக் கேட்டு எழுதணுமாமா? அவ்வளவுதானே, எழுதிடலாம். கண்ணைத் தொடை முதல்ல.

என்ன? வேற எதுவா? வேற என்னத்தடி உங்கிட்ட மறைக்கப்போறேன்! சத்தியமா? சத்தியமெல்லாம் எதுக்குடி, அம்மா வாயால சொன்னாப் போதாதா? வேணும்னா இந்தம்மாவையே கேளு, இவ்வளவு நேரமா இவங்ககிட்டதானே எல்லாத்தையும்...

ஏம்மா, எங்க எந்திரிச்சுப் போறீங்க? உங்க பையனை இன்னும் கூப்பிடவே இல்லியே!