செம்பருத்தி வேலிக்கு உள்ளே

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

எழுதப் பழகாத ஒருவன் எழுதத் துணிந்ததற்குத் தாங்கள் முதலில் மன்னிக்க வேண்டும். சிரம்பானில் பாதிரிமார் பள்ளியில் முறையாக இலக்கணம் படித்தவன் என்றாலும், கோலா சாவாவுக்கு அருகிலுள்ள இந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக அமர்ந்த நாள் முதல் அலுவலகக் கடிதங்களைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. என் பெயர் இராஜமாணிக்கம். தோட்டத்துப் பெண்கள் என்மீது கொடுத்திருக்கும் புகாருக்குத் தமிழிலேயே பதில் எழுதலாம் என்று சொன்னது தங்கள் பெருந்தன்மை. சண்டைக் காலத்தில் சப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போன முப்பத்தெட்டு ஆண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் பங்களாவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல இயலாது.

பங்களாவைக் காலையில்தான் பார்க்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தகரக் கூரை கண்ணைக் கூசும். இந்தக் குன்றைச் சுற்றிலும் காடாக இருந்த காலத்தில் முதல் துரை கட்டிய வீடு அது. கெட்டி மரத் தூண்கள், மூன்று பக்கமும் வராந்தா, கப்பலில் வந்த ஊசல் கடிகாரம், பியானோ, சிங்க நகம் போன்ற கால்களோடு ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி. முன்புறம் சரிந்து இறங்கும் புல்தரை. அதன் இரு ஓரங்களிலும் கேமரன் மலையிலிருந்து கூடையில் மண்ணோடு வந்த ரோஜாக்கள். இவை எல்லாவற்றையும் சுற்றி இடுப்பளவு செம்பருத்தி வேலி.

அந்த வேலிதான் எல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை வருடப் பிறப்பன்று, தோட்டத்து மக்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமாக அதுவரை வருவார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். வெட்டுக் கத்தி, பாராங் அரிவாள் எதுவானாலும் வேலிக்கு வெளியே தரையில் வைத்துவிட வேண்டும். துரைக்கு முன் இரும்போடு நிற்பது மரியாதையன்று. மாலையை நான் வாங்கித் துரையிடம் கொடுப்பேன். வேலிக்கு இப்பால் வந்தவன் நான் ஒருவனே.

அவர்கள் வெளியே நின்றபடி கழுத்தை நீட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். தாயம்மா என்று ஒருத்தி, பாலுக்காக ரப்பர் மரப்பட்டை வெட்டும் வீரமுத்துவின் மனைவி, எனக்குக் கேட்கும்படியே சொல்வாள்: "உள்ள தொட்டியில படுத்துக்கிட்டுக் குளிப்பாங்களாமே. அழுக்கெல்லாம் எங்க போவும், திரும்ப ஒடம்புலதானே ஒட்டும்?" கூட்டம் சிரிக்கும். ஒரு வரலாற்றுச் சிறப்புள்ள இல்லத்தைப் பற்றி அவர்களுக்குத் தோன்றிய கேள்வி அது.

சப்பான்காரர்கள் கோலாலம்பூரை நெருங்கியபோது துரை காரில் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். நாயைக் கூட்டிக்கொண்டார். சாவிக் கொத்தை என் கையில் வைத்து, "கிராணி, வீட்டைப் பார்த்துக்கொள்" என்றார். மனிதர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. இதைத் தாங்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

நான் பார்த்துக்கொண்டேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பியானோவைத் துடைத்தேன். ரோஜாக்களுக்கு நானே வாளியில் நீர் சுமந்தேன். குழாய்கள் துருப்பிடிக்காமலிருக்க, ஞாயிறுதோறும் தொட்டியில் நீர் நிரப்பிக் குளித்தும் வந்தேன். வீட்டின் நலன் கருதியே அதைச் செய்தேன்.

அரிசி அருகிப் போயிற்று. ரப்பர் பால் வாங்குவார் இல்லை. மரம் வெட்டும் வேலையும் இல்லை. ஒருநாள் காலை வீரமுத்து வேலியருகே வந்து நின்றான். நெடிய ஆள், சட்டைக்குள் எலும்பு தெரிந்தது.

"கிராணி ஐயா, நாங்க குடியிருக்கிற லயத்துச் சுத்து முழுக்க ரப்பர் மரம். நெழலுல ஒண்ணும் வெளைய மாட்டேங்குது. இந்தப் புல்லுத் தரைய விட்டீங்கன்னா மரவள்ளி வெச்சுக்குவோம். புள்ளைங்க வீங்கிப் போவுதுங்க ஐயா."

"இது துரையுடைய புல்தரை" என்றேன்.

"துரை மாடு மேய்க்கலீங்களே. புல்லு யாருக்கு?"

அவனுக்குப் பின்னால் நின்ற தாயம்மா, "விடுய்யா. துரை ஓடிட்டாரு, வாலு மட்டும் இங்க அறுந்து கெடக்கு. அதுகிட்ட என்னா பேச்சு?" என்றாள்.

நான் கோபப்படவில்லை. படிக்காதவர்கள் மீது கோபப்படுவது எனக்கு வழக்கமன்று. ஆனால் சில நாள் கழித்துப் பார்த்தபோது, புல்தரையின் கீழ்க்கோடியில் மரவள்ளிக் குச்சிகள் வரிசையாக ஊன்றப்பட்டிருந்தன. பிடுங்கினேன். மறுபடி ஊன்றினார்கள். மறுபடி பிடுங்கினேன். மூன்றாம் முறை குச்சிகளுக்கு இடம் வேண்டி ஒரு ரோஜாச் செடியையும் வெட்டியிருந்தார்கள். அடுப்புக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அது வெளிர்மஞ்சள் ரோஜா. துரைசானி தம் கையால் வைத்தது.

அந்த வாரம்தான் மொரிதா என்ற சப்பானிய அதிகாரி சிரம்பானிலிருந்து வந்தார். அவரைப் பற்றியும் எனக்கு உயர்ந்த எண்ணம் இல்லை. தேநீரை உறிஞ்சும் ஓசை கூடம் முழுவதும் கேட்டது. ஆயினும் வராந்தாப் படியில் காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். அறை அறையாகப் பார்த்தார். ரோஜாக்களின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். துரை போன பிறகு அந்த வீட்டைப் பார்க்கத் தெரிந்து பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

பிறகு, தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் இரண்டு செய்திகள் சொன்னார். சப்பான்காரர்கள் வீட்டில் சிப்பாய்களைத் தங்க வைத்துப் புல்தரையில் கிழங்கு நடப்போகிறார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆட்கள் வேண்டும். லாபுப் பக்கத்துத் தோட்டங்களில் லாரிச் சத்தம் கேட்டதும் ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள், பெரிய தொல்லை.

நான் மேலும் தேநீர் ஊற்றினேன். அந்த இரண்டு செய்திகளும் தனித்தனியாக இருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆட்கள் கிடைத்தால் வீட்டை விட்டுவிட முடியுமா என்று பணிவோடு கேட்டேன். அவர் புன்னகை செய்து, "எப்படிக் கிடைப்பார்கள்?" என்றார்.

பெண்களின் புகாரில், சப்பான்காரன் மிரட்டினான், கிராணி பயந்து காட்டிக்கொடுத்தான் என்று இருப்பதாக அறிகிறேன். அது தவறு. என்னை யாரும் மிரட்டவில்லை. வழியைச் சொன்னவன் நான்.

வருடப் பிறப்புக்கு முந்தைய நாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கக் கூடியிருந்தவர்களிடம் அறிவித்தேன். இவ்வாண்டு வேலிக்கு வெளியே நிற்க வேண்டாம். அனைவரும் உள்ளே வந்து பங்களாவைச் சுற்றிப் பார்க்கலாம். முதலில் ஆண்கள், சிறு சிறு குழுவாக, முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேற வேண்டும். பிறகு பெண்கள். பார்த்து முடிந்ததும் புல்தரையில் கிழங்கு நடுவதைப் பற்றிப் பேசலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

யாரும் ஐயப்படவில்லை. ஆயுள் முழுவதும் அந்த வீட்டை வெளியிலிருந்தே பார்த்தவர்கள். தாயம்மா மட்டும், "என்னா கிராணி ஐயா, திடீர்னு மனுசராயிட்டீங்க?" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லோரும் துவைத்த துணியில் வந்தார்கள். மாலை கட்டியிருந்தார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள். பாராங்கையும் கத்தியையும் வேலிக்கு வெளியே வரிசையாக வைத்தார்கள். அன்று துரை இல்லை. வைக்கும்படி நான் சொல்லவும் இல்லை. பழக்கம் அப்படி. பின்கட்டில், சமையலறைக்கு அப்பால், முதல் நாள் இரவு மழைச் சத்தத்தில் வந்துவிட்ட லாரிகளும் துப்பாக்கியோடு சிப்பாய்களும் காத்திருந்ததால், அந்தப் பழக்கம் பெரிதும் உதவியது. முன் வராந்தாவில் துரையின் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ஆங்கிலப் பாட்டு வைத்தேன். பெண்கள் புல்லில் உட்கார்ந்து கேட்டார்கள்.

நானே உடன் நடந்து காட்டினேன். அவசரப்படுத்தவில்லை. அவர்கள் பாதத்தைத் துடைத்துக்கொண்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல் கை கூப்பியபடி வந்தார்கள். நாற்காலிகளைத் தொடவில்லை. கடிகாரம் மணி அடித்தபோது ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கலை என்பதை அவர்களுக்கு அவ்வளவுதான் உணர முடியும்.

வீரமுத்து கடைசிக் குழுவில் வந்தான். குளியல் தொட்டியைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தான். "இதுலயா ஐயா? நம்ப கங்காணி வூட்டு மாட்டுத் தொட்டி இதவிடப் பெருசு." விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு தயங்கி, "ஐயா, தாயம்மாவ ஒரு நிமிசம் கூட்டியாந்து காட்டிடட்டுங்களா? ரொம்ப நாளா இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தா. நான் பக்கத்துல நின்னு காட்டுனா சிரிப்பா" என்றான்.

"அவர்கள் முறை பிறகு வரும்" என்றேன். பின்வாசல் கதவைத் திறந்துவிட்டேன். அவன் எனக்குக் கும்பிட்டு வெளியே போனான்.

முன்புறம் இசைத்தட்டைத் திருப்பி வைத்தேன். வெயில் சாய்ந்தது. தாயம்மா புல்லிலிருந்து எழுந்து குரல் கொடுத்தாள்: "கிராணி ஐயா, உள்ள இன்னும் எத்தன ரூம்புதான் இருக்கு?"

பின்பக்கம் லாரிகள் உறுமிக் கிளம்பிய ஓசையைப் பாட்டு முழுவதும் மறைக்கவில்லை.

வாக்குக் கொடுத்தால் நான் தவறுவதில்லை. ஆகவே, கதவை அகலத் திறந்து, இப்போது பெண்கள் பார்க்கலாம் என்றேன். அவர்கள் பார்க்கவில்லை. ஓடினார்கள். சேற்றுக் காலோடு கம்பளத்தின் மேல், அறை அறையாக, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். கட்டிலுக்கு அடியிலும் பியானோவுக்குப் பின்னும் தேடினார்கள். சீனப் பூச்சாடி உடைந்தது. ஒருத்தியாவது கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாயம்மா பின்வாசல் படியில் நின்று, சக்கரத் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்து, "அந்தத் தொட்டிய எங்கிட்டக் காட்டுறேன்னு சொல்லியிருந்தாரு" என்றாள். தொட்டி இடப்பக்கம் இருக்கிறது என்று நான் மரியாதையாகவே வழி காட்டினேன்.

மொரிதா சொல் தவறவில்லை. யாரும் நுழையக் கூடாதென்று வாயிலில் பலகை மாட்டினார். அதைப் பெண்கள் மறுநாளே பிடுங்கி, வேலிக்கு வெளியே அப்படியே கிடந்த பாராங்குகளை எடுத்துவந்து, புல்தரை முழுவதையும் கொத்தினார்கள். நான் தடுக்கப் போனேன். தாயம்மா பாராங்கைத் தாழ்த்தவில்லை. சிப்பாய்களை அழைத்திருக்கலாம், அழைக்கவில்லை. இந்தக் கருணையை யாரும் தங்களிடம் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நடந்தது இவ்வளவே. நான் எனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. சாவிக் கொத்து குறையாமல் இருக்கிறது. துரை திரும்பி வரும்போது தங்கள் வழியாக ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன். இழப்புகளைத் தாங்கள் கேட்டபடி கீழே தருகிறேன்.

ரோஜாச் செடிகள், அனைத்தும். வெளிர்மஞ்சள் வகை இனிக் கிடைக்காது.
சீனப் பூச்சாடி, ஒன்று.
கூடத்துக் கம்பளம், கறை போகாது.
கிராமபோன் ஊசிகள், ஒரு பெட்டி, தீர்ந்துபோயின.
செம்பருத்தி வேலி, கிழக்குப் பக்கம் முழுவதும்.
சயாம் சென்ற ஆண்கள், முப்பத்தெட்டு. திரும்பியவர் ஐவர். வீரமுத்து அவர்களில் இல்லை.
புல்தரை, முழுவதும்.

புல்தரை மட்டும் ஒரு மழைக்காலத்தில் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் மண்ணைச் சமன் செய்ய நல்ல ஆண்கள் வேண்டும். இந்தத் தோட்டத்தில் தற்போது ஆள் பற்றாக்குறையாக இருக்கிறது.