கறுக்காத பாட்டில்

விழா என்றால் முதலில் நாற்காலிக்குச் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் கால் உடைந்ததைத்தான் தள்ளிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி ஆசையை ஊட்டும் விழாவை ஆறு வருடமாக நடத்துகிறேன். ஒரு பிள்ளையைக்கூட நிற்க வைத்து விஞ்ஞானி ஆக்கியதில்லை. கோதண்டராமன் கை வைத்தால் பிசிறு இருக்காது என்று வேங்கிக்காலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விசாரணைக்காக நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். அதையும் பிசிறில்லாமல் எழுதுகிறேன்.

இந்த வருடத் தலைப்பு ‘நம் தெருத் தண்ணீர்’. பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்ன பாட்டில், உள்ளே மருந்து. தெருக்குழாயில் பிடித்து இரண்டு நாள் வைத்தால், சாக்கடை கலந்த தண்ணீர் கறுத்துவிடும்; நல்ல தண்ணீர் கறுக்காது. பிள்ளைகள் பிடித்து வந்த பாட்டில்களை வாங்கி என் அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்தான் இருந்தது.

விழாவன்று காலை திறந்தேன். ஒன்பது தெளிவாக இருந்தன. அடி அண்ணாமலை ஊரிலிருந்து வந்த நந்தினியுடையது மட்டும் மை போலக் கறுத்திருந்தது. அவள் தெருவின் புதுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைத்தவர்தான் எங்கள் சிறப்பு விருந்தினர். குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்களே, அந்தப் பாட்டில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மருந்து பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. அதில் கேன் தண்ணீரை ஊற்றி, அவள் எழுதி ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் உரித்து ஒட்டினேன். சீட்டு கொஞ்சமும் கிழியவில்லை.

மேடை ஏறும் முன் அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், எங்க தண்ணி ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது. அதான் வீட்ல காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கேன். இன்னொரு தடவ வெச்சிப் பாக்கட்டுங்களா?”

“மூக்க நம்பாதம்மா, ரிசல்ட்ட நம்பு. அதான் ஆராய்ச்சி.”

நம்பினாள். மைக்கில் கணீரென்று படித்தாள். விருந்தினர் சால்வை போர்த்தினார். முன்வரிசையில் அவள் அம்மா அன்புச்செல்வி கை வலிக்கத் தட்டினார். “எம்பொண்ணே சோதிச்சிச் சொல்லிடுச்சி. இனிமே எதுக்கு காய்ச்சிக்கினு, கேஸ்தான் தண்டம்” என்று பக்கத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் குறைகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

அந்தத் தெருவில் முப்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. விழா முடிந்த ஒன்பதாம் நாள் அன்புச்செல்வி இறந்தார்.

காரியம் முடிந்ததும் நந்தினி என்னைத் தேடி வந்தாள். “நான் எங்க சார் தப்பு பண்ணேன்?” என்று மட்டும் கேட்டாள். குழாயை ரொம்ப நேரம் ஓடவிட்டுப் பிடித்திருப்பாய், முதல் ஆராய்ச்சியில் பிழை சகஜம் என்று தேற்றினேன். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன். கேன் தண்ணீர்தான்.

கறுத்த பாட்டில் என் மேசை டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரியை வீசக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நானே வீசலாமா? மாற்றியது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாளாம். வருத்தமாக இருக்கிறது. ஒரு தோல்விக்கே இப்படித் துவண்டுபோனால் ஆராய்ச்சி எப்படி வரும்? அடுத்த விழாவில் ‘தவறிலிருந்து கற்றது’ என்று பத்து நிமிடம் பேச அவள் பெயரைப் போட்டிருக்கிறேன். நாற்காலிக்கும் இப்போதே சொல்லியாயிற்று. முன்வரிசையில் மட்டும் ஒன்று குறைத்திருக்கிறேன்.