திருப்ப இடமில்லாத தேர்

விழுப்புரத்தில் பஸ் ஏறிய தம்பதி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கணவர் கழுத்தில் மாதா கோயில் திருவிழாவுக்குப் போட்ட புது ஜெபமாலை இன்னும் இருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் அந்த அம்மாள் கேட்டது என் காதில் விழுந்தது.

“ஏங்க, இனிமே மாதா மொகத்தைப் பாத்து எப்படிங்க ஜெபம் பண்றது?”

“இப்ப இன்னா ஆயிடுச்சு?”

“இந்த வருசம் தேர் காலனித் தெருவுக்கும் வரும்னு சாமியார் பூசையிலயே சொன்னாரு. நம்ம கொல்லையில மல்லாட்டை புடுங்க வர்ற செசிலி, பேரனுக்குப் புதுச் சட்டை போட்டுத் தூக்கிக்கினு நின்னா. அந்தத் தெருவே மெழுகுவத்தி ஏத்திக்கினு நின்னுச்சு.”

“முனையில சீரியல் பல்பு வயரு குறுக்க தொங்குச்சும்மா. தேர் எப்படிப் போவும்?”

“அதைத் தாழக் கட்டுனது யாரு?”

அவர் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

“நம்மாளுங்க சொன்னாங்க. கட்டுனேன்.”

“அவங்களும் நம்ம கோயில் பூசையில நம்மளாட்டம் நன்மை அப்பம் வாங்குறவங்கதானே?”

நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். திண்டிவனம் நெருங்கும்போதுதான் அவர் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

“அந்த முனையில தேரைத் திருப்ப எடம் பத்தாது. அதை நாங்க யாரும் யோசிக்கல. அப்படியே பின்பக்கமா இழுத்துக்கினு வந்தோம். கோயில் வாசல் வரைக்கும் மாதா அந்தத் தெரு ஜனங்களையே பாத்துக்கினு வந்தாங்க. எங்க பக்கம் திரும்பவே இல்ல.”