ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க

இல்ல சார், நான் தெரியாமத்தான் கேக்குறேன். மூணு வருஷம்! மூணு வருஷமா ஸ்கிரீன்ல எழுதிப் போட்டிருக்கேன். "இந்த வசதியை எடுக்கப்போறோம், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க." ஒரு ஈ காக்கா கூட வாயத் தெறக்கல. அப்ப யாரும் அதை உபயோகிக்கலைன்னுதானே அர்த்தம்? பாருங்க, நீங்களே ஒண்ணும் சொல்லல. நியாயம்னு படுதில்ல?

ஓ, பஞ்சா? பல்லு எடுத்தாச்சா? கடிச்சுக்கங்க, கடிச்சுக்கங்க. பேசாதீங்க, ரத்தம் நிக்காது. நான் பேசுறேன். எங்க அக்கா உள்ள இருக்கா, கடவாப் பல்லு. அவ வீட்டுக்காரர் ஊர்ல இல்ல, அதனால துணைக்கு நான். துணைன்னா, வண்டி ஓட்டுறது மட்டும்தான். வழி பூரா ஒரு வார்த்தை பேசல. பதினொரு நாளாச்சு சார் எங்கிட்ட பேசி... இந்தச் சேர் வேற, அசைஞ்சா மொறமொறங்குது.

எதுல விட்டேன்? ஆங், எடிட்டர். கம்ப்யூட்டர்ல எழுத்தடிக்கிற சாஃப்ட்வேர் சார். முப்பது வருஷமா இருக்கு, எல்லாருக்கும் சும்மாதான் குடுக்குறோம். அதைப் பராமரிக்கிற நாலஞ்சு பேர்ல நான் ஒருத்தன். முப்பது வருஷக் குடித்தனம்னா வீட்ல என்னென்ன சேரும்? அப்படித்தான். அதுல ஒரு சுவிட்ச், ஏதோ ஒரு கம்பெனி மெஷினுக்காக. அந்தக் கம்பெனியை மூடி, கட்டடத்தை இடிச்சு, அங்க இப்ப ஜிம் நடக்குது. எங்க எடிட்டர் மட்டும் அந்த மெஷின் வரும் வரும்னு வாசலப் பாத்துட்டு நிக்குது. எடுக்கலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க... சரி சரி, சொல்லாதீங்க.

எடுத்தேன். ஒவ்வொண்ணா எடுத்தேன். கை பரபரங்குது சார், நிறுத்த முடியல. கடைசியா மிச்சம் இருந்தது பொடிசு. அதாவது, எங்க எடிட்டரைப் பெரிசு, நடுத்தரம், பொடிசுன்னு மூணு அளவுல செஞ்சு எடுக்கலாம். பொடிசு, தெம்பில்லாத பழைய மெஷினுக்கு. இந்தக் காலத்துல எவன் சார்... என்ன, என் தொடையத் தட்டுறீங்க? சரியாச் சொன்னேன்னா? நன்றி சார். மனசுக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா.

நாலாயிரம் வரி புரோகிராம் சார், ஒரே வெட்டு! கூட இருக்குறவங்க எல்லாம் சபாஷ்னாங்க. அந்தக் குஷியோட அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவ பேர்ப்பலகை செதுக்குற கடை வச்சிருக்கா. வீட்டு வாசல்ல, ஆபீஸ் கதவுல மாட்டுவாங்களே, அது. அந்தச் செதுக்குற மெஷினோட ஒத்துப்போறது அவளோட பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுதான். அதுல பலகைக்குப் பேரு அடிக்க எங்க எடிட்டர். சாப்பிட்ட கையோட, அவளைக் கேக்காமலே, புது எடிட்டரைப் போட்டு, பழசைத் தொடச்சு எடுத்துட்டு வந்தேன். மறுநாள் ஆன் பண்ணா கறுப்பா நிக்குது. பெரிசைத் தூக்க அதுக்குத் தெம்பு ஏது? அன்னிக்கின்னு பாத்து ஒரு ஆஸ்பத்திரி திறப்பு, நாப்பது கதவுக்குப் பலகை குடுக்கணும். பலகை இல்லாமலே தெறந்தாங்க. கண்ணு பாக்க வந்த ஒருத்தர் எலும்பு டாக்டர் ரூம்ல போய் உக்காந்து, கைல கட்டோட வீட்டுக்குப் போனாராம்.

"ஏண்டா முன்னாடியே சொல்லல"ன்னு கேட்டா. மூணு வருஷமா சொன்னேனே! தெறந்தா முதல் வரியே அதானே! "என் மெஷின்ல அப்படி ஒண்ணும் வரலடா"ன்னா. பொய் சொல்லாதேன்னு சண்டை போட்டேன் சார். சொந்த அக்காவை. கண்ணு தெரியலன்னா கண்ணாடிய மாத்துன்னுட்டேன்.

அப்புறம் போய்ப் பழைய வரியெல்லாம் எடுத்துப் பாத்தா... என்ன, கையக் கையக் காட்டுறீங்க? அவசரப்படாதீங்க, வர்றேன். நீங்க கெளம்பலாம்னு நர்ஸ் சொல்லிப் பத்து நிமிஷம் ஆச்சு. நம்ம கதைய முழுசாக் கேக்கணும்னு உக்காந்திருக்கீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு சார் வரும்?

பொடிசுல அந்த அறிவிப்பு வராது சார். வரவே வராது. அதுல எந்தப் பேச்சும் கெடையாது. இருபது வருஷம் முன்னாடி, "தெறந்தா வணக்கம்ங்குது, மூடுனா நன்றிங்குது, உன்ன மாதிரியே தொணதொணங்குதுடா, வேலை செய்ய விடுதா"ன்னு ஒருத்தி திட்டினா. சரின்னு உக்காந்து, பேச்சு மொத்தத்தையும் வெட்டி எறிஞ்சு, அவ மெஷினுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சதுதான் அந்தப் பொடிசு. செஞ்சவன் நான்தான் சார். வாயக் கட்டிவிட்டுட்டு, ஆட்சேபணை இருந்தா சொல்லுன்னு மூணு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

நேத்து நாலாயிரம் வரியையும் திருப்பிச் சேத்துட்டேன். ஆனா அவகிட்ட எப்படிச் சொல்றது? என் மூஞ்சியப் பாத்தாத்தானே. எனக்குன்னு திட்டுறதுக்கு இருக்குற ஒரே ஆளு சார் அவ. அதுவும் இல்லேன்னா ரொம்பக் கஷ்டமா இருக்கு.

இதோ வந்துட்டா. அக்கா, வலிக்குதா? அக்கா... தப்பு என்மேலதான். பொடிசைத் திருப்பி வச்சுட்டேன். இன்னும் கோவம் இருந்தாச் சொல்லு. ...ஒண்ணும் சொல்லல பாத்தீங்களா சார்? அப்ப கோவம் போயி... இல்ல, இருங்க. அவ வாயிலயும் பஞ்சு. மறுபடியும் அந்தத் தப்பு வேணாம். இந்தாக்கா பேனா. மருந்துச் சீட்டுக்குப் பின்னால எழுது. என்ன வேணா திட்டு, எழுது.

எழுதுறா சார்! பதினொரு நாள் கழிச்சு! கொஞ்சம் இருங்க, படிக்கிறேன்...

"எந்திரிடா. அவர் எக்ஸ்ரே மேல உக்காந்திருக்க."