வள்ளத்துக்கு ஏழு பேர்

எண்ணுங்கோ மிஸ், வடிவா எண்ணுங்கோ. வள்ளம் உதில நிக்குது, எஞ்சின் கிடக்கு, வலை கிடக்கு, ஐஸ்பெட்டி வாடிக் கொட்டிலுக்குள்ள. ஒண்டும் குறையேல்லை. போன வருசம் சங்கங்களைப் பதியிற உங்கட கந்தோரில இருந்து வந்த தம்பியும் உப்பிடித்தான் எண்ணிப்போட்டுப் போனவர். அதுக்கு முதல் வந்தவர் எஞ்சின் நம்பரைப் போனில படமும் எடுத்தவர். வாறியள், எண்ணுறியள், போறியள். கேட்ட கேள்விக்கு மறுமொழி மட்டும் ஒருத்தரும் சொல்லுறியள் இல்லை.

இருங்கோ. அந்தக் கதிரைக்குக் கால் ஆடும், மற்றதில இருங்கோ. தேத்தண்ணி குடிப்பியள்தானே?

ஓம், நான்தான் தலைவி, மரியமலர். கணவனை இழந்த பெண்களின் கடற்றொழில் சங்கம். வள்ளத்தின்ர பக்கத்தில பெரிசா எழுதிக் கிடக்கு, பாத்திருப்பியள். கரையால போற சின்னனுகள் எல்லாம் அதை எழுத்துக்கூட்டி வாசிக்குதுகள். வள்ளம் தந்த வெளிநாட்டு நிறுவனம் அப்பிடித்தான் எழுதவேணும் எண்டது. வள்ளம் தாறவையோட நிண்டு சண்டை பிடிக்கிறதே, எழுதிட்டம்.

ஆர் ஓடுறதோ? ஸ்ரீபனும் அவற்ற தமையனும். ஓம் ஓம், தெரியும், வெளியாளிட்டக் குடுக்கக்கூடாது எண்டு விதியில கிடக்கு. நாங்கள் குடுக்கேல்லை மிஸ். அவை பங்குக்குத் தொழில் செய்யினம். வள்ளம் எங்கட சங்கத்தின்ர பேரில, வள்ளத்துப் பங்கு எங்களுக்கு. நீங்களே கடலுக்குப் போகலாம்தானே எண்டு அந்தத் தம்பி என்னட்டக் கேட்டவர். போனனான். ஒரு கிழமை போனனான். கரையில நிண்டவை சிரிச்சாலும் பரவாயில்லை எண்டு ஏறினனான். வயித்துக்குள்ள கிடந்த எல்லாம் கடலுக்குள்ள. ஸ்ரீபன் எனக்கு வெக்கமாயிருக்கும் எண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வலையைப் பாத்தவர்.

அது கிடக்கட்டும். போன சோளகத்துக்கு வள்ளத்தின்ர அடி வெடிச்சது. சோளகக் காத்து அடிக்கிற மாசங்கள்தான் எங்களுக்கு உழைக்கிற காலம். ஒட்டுறதுக்கு ஆளும் இருந்தது, கையில காசும் இருந்தது. ஆனால் தருமத்துக்கு வந்த பொருள், கந்தோரில அனுமதி எடுக்காமல் கை வைக்கேலாது எண்டிட்டினம். கடிதம் போய், ஆரோ லீவில நிண்டு, திரும்பி வரச் சோளகமே முடிஞ்சிட்டுது. எனக்கு விசர் வராதே, சொல்லுங்கோ பாப்பம்.

இப்ப நான் கேக்கிறதுக்கு நீங்களாவது வடிவா மறுமொழி சொல்லுங்கோ. ஏழு பேருக்குக் குறைஞ்சால் சங்கத்தைக் கலைக்கவேணும் எண்டு கிடக்கெல்லே? இப்ப நாங்கள் மட்டுமட்டா ஏழு பேர். தொடங்கேக்க கனபேர் நிண்டவை. ஒருத்தி மகளிட்டக் கனடாவுக்குப் போட்டா. நெளுக்குளத்தில வீடு கிடைச்சு எழும்பிப் போனவையும் இருக்கினம். செத்தவையும் இருக்கினம். இனி ஒருத்தி விலகினால் என்ன செய்வியள்?

புது ஆளைச் சேர்க்கிறதோ? ஆரை மிஸ் சேர்க்கிறது? புருசன் செத்த பிள்ளையள் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் சண்டையில செத்திருக்கவேணும், இந்தக் குறிச்சியிலயே இருக்கவேணும். அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. சண்டை முடிஞ்சு எத்தினை வருசம். அப்பிடி ஆக்கள் இனிப் புதுசா வரமாட்டினம், வரவும் வேண்டாம் எங்களுக்கு.

விதியை மாத்தலாம், தெரியும். தந்தவை சம்மதிக்கவேணும் எண்டும் அதுக்குக் கீழயே கிடக்கு. அவையை எங்க போய்ப் பிடிக்கிறது? அவை கந்தோரைப் பூட்டிக்கொண்டு நாட்டை விட்டே போட்டினம். அவையின்ர நம்பருக்கு அடிச்சால் வவுனியாவில ஒரு டயர்க் கடைக்காரர் எடுக்கிறார். பாவம், அவருக்கு இப்ப எங்கட சங்கத்தின்ர கதை முழுக்கத் தெரியும்.

கலைச்சால் நாங்கள் வள்ளத்தை விக்கவும் ஏலாது, பிரிக்கவும் ஏலாது. சரி, அது நியாயம், தருமப் பொருளை ஆள் ஆளுக்குப் பிச்சு எடுக்கிறதே. எங்களைப்போல நோக்கம் உள்ள வேற சங்கத்துக்குத்தான் போகும். அந்தச் சங்கம் எங்க கிடக்கு எண்டு தெரியுமோ உங்களுக்கு? வட்டக்கச்சியில! நான் விசாரிச்சனான். அவை நெல்லு விதைக்கிற சனம். அவையும் எங்களைப்போலதான், நல்லா இருக்கட்டும். ஆனால் வட்டக்கச்சியில வள்ளத்தை எங்க விடுறது, வாய்க்காலுக்குள்ளயோ?

சிரிக்கிறியள். நானும் முதலில சிரிச்சனான். பிறகு அந்தச் சங்கத் தலைவி அன்னபாக்கியம் அக்காவோட போனில கதைச்சன். அவையளுக்கும் அதே நிறுவனம் உழவு மெசின் குடுத்ததாம். அவையின்ர சங்கம் கலைஞ்சால் மெசின் எங்களுக்கு வருமாம். கொண்டுவந்து கடற்கரை மணலை உழுங்கோ மலர் எண்டுறா.

ஏன் கேக்கிறன் எண்டோ? சீச்சீ, எனக்கு நோய் நொடி ஒண்டும் இல்லை. கனடாவுக்கும் போகேல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் கந்தோர் ஆள் ஒருத்தரிட்டயாவது கேட்டுப்போடவேணும் எண்டுதான் உங்களை மறிச்சு வைச்சிருக்கிறன்.

ஞாயிறு என்னவோ? நீங்கள் சைவ சமயம் போல. எங்கட மாதா கோயில்ல ஓலை வாசிக்கினம். இன்னாரும் இன்னாரும் கலியாணம் கட்டப்போகினம், தடை தெரிஞ்சவை வந்து சொல்லுங்கோ எண்டு பூசையில சுவாமியார் கேப்பார். மூண்டு ஞாயிறு கேப்பார்.

ஆற்ற ஓலையோ? என்ர தான் மிஸ். எனக்கும் ஸ்ரீபனுக்கும்.

பேனையைக் கீழ வைச்சிட்டியள். ஓம், எனக்குத் தெரியும், மறுமணம் செய்தால் உறுப்புரிமை இல்லை. அதை நானே பெருவிரல் வைக்கிற ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டினனான். மற்ற ஆறு பேரும் சொல்லுகினம், ஓலை ஒண்டும் வேண்டாம், சும்மா சேர்ந்து இருங்கோ, கந்தோருக்கு ஆர் சொல்லப்போகினம் எண்டு. அவையில பிழை இல்லை. வள்ளம் போனால் அவையின்ர அடுப்பு நூந்துபோம். அதை நினைச்சு நினைச்சு நித்திரை இல்லை எனக்கு. ஆனால் இந்த வயசில நான் ஒளிச்சுக் குடும்பம் நடத்தமாட்டன் மிஸ். என்ர மனுசனை நான் மறக்கேல்லை. வள்ளம் தந்தவையும், இவள் சாகுமட்டும் விதவையா இருக்கவேணும் எண்டு நினைச்சுத் தந்திருக்கமாட்டினம். எழுதி வைச்சதைப் பாத்தால் அப்பிடித்தான் கிடக்கு.

மகள் கம்சா ஓம் எண்டிட்டாள். ஸ்ரீபன்ர தமையன் ஓம். செத்த என்ர மனுசன்ர தாய், அவாவும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஓம் எண்டிட்டா. ஞாயிறு பூசையில சுவாமியார் எத்தினை தரம் கேட்டாலும் ஒருத்தரும் எழும்பமாட்டினம். ஒரேயொரு தடைதான் மிஸ், அது உங்கட மடியில கிடக்கிற அந்தப் பைலுக்குள்ள கிடக்கு.